இன்றும் தெரியாது

மலைமேல் ஓர் ஏரி. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிசொல்ல ஒரு சுற்றுலாத் தகவல் மையம். மையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை. ஏரியில் முங்கினவர்கள் கூடக் கரையேறியிருக்கிறார்கள் செல்லங்களே, அந்தப் பலகையில் மாட்டினவர்கள் பட்டபாட்டைக் கேளுங்கள்.

அதில் எழுதுகிறவளைப் பலகை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தினமும் காலை ஏழு மணிக்குப் பின்பக்க ஜன்னலைத் திறப்பாள். எதிர்க்கரையில் ஒரு சிவப்புக் கம்பம் நிற்கும். அது கண்ணில் பட்டால் ‘இன்று ஏரி தெரியும்’. மூடுபனியில் படாவிட்டால் ‘இன்று ஏரி தெரியாது’. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. ‘தெரியாது’ என்று படித்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

இதில் முதல் அடி அவள் வீட்டுக்காரருக்கு. அவர் அந்த ஏரியில் படகு ஓட்டுகிறவர்.

“நீ சாக்பீஸைத் தொட்டா என் துடுப்பு காயுது. மத்தவ எல்லாம் புருஷன் வாயைத்தான் மூடுவா. நீ ஏரியையே மூடுறியேடி!”

“கம்பம் தெரியலையே, நான் என்ன பண்ணட்டும்? வேணும்னா கம்பத்தைத் திட்டுங்க.”

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது புது மேலாளர் வந்தார். வந்த வாரமே பலகை முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“என்னம்மா இது, கல்யாண வீட்டு வாசல்ல ‘சாப்பாடு கிடையாது’ன்னு எழுதி வச்ச மாதிரி? நாளையிலேருந்து தினமும் ‘தெரியும்’. முடியாதுன்னா அடிவாரத்து பஸ் ஸ்டாண்டு கவுண்டருக்குப் போயிடுங்க.”

அடிவாரம் நாற்பது வளைவுக்குக் கீழே. போனால் வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. அன்று படகுக்காரர் கேலி பேசவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, “எழுதித் தொலையேன். நீ இல்லாம நான் யார்கிட்ட சண்டை போடுறது?” என்றார்.

மறுநாள் கம்பம் எங்கே தெரிந்தது? ஜன்னல் தாழ்ப்பாளே மங்கலாகத்தான் தெரிந்தது. சாக்பீஸைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றாள். பிறகு எழுதினாள்: ‘ஏரி இருக்கிறது.’ அது சத்தியம்தானே.

அன்றைக்கென்று சொல்லாமல் கொள்ளாமல் தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மா வந்து இறங்கினார். பலகையைப் படித்தார், நேரே போய்ப் படகில் ஏறினார். மேலாளர் கரைவரை பின்னாலேயே ஓடினார். படகுக்காரர் பத்து நிமிஷம் துடுப்புப் போட்டபின் அதிகாரி அம்மா கேட்டாராம்:

“ஏரி எங்கேப்பா?”

“அதுமேலதாங்க உக்காந்திருக்கீங்க.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பு பனிக்குள்ளிருந்து கரைவரை கேட்டது. இறங்கியதும் மேலாளரிடம், “எத்தனையோ ஏரி பாத்துட்டேன், எல்லாம் ஒரே தண்ணி. கண்ணுக்கே தெரியாத ஏரி இது ஒண்ணுதான்யா! இதைப் போய் மறைக்கிறீங்களே!” என்றார்.

பத்தே நாளில் கரும்பலகை கழன்றது. அந்த இடத்தில் ஆளுயரத் தகரப் பலகை, நாலு மூலையிலும் போல்ட்டு: ‘கண்ணுக்குத் தெரியாத ஏரி! இன்றும் தெரியாது!’ மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அக்காவுக்கு அவள் நாற்காலி தங்கியது, சாக்பீஸ்தான் போயிற்று.

பிறகு வெயில் காலம் வந்தது. பனி விலகி, ஏரி கழுவி வைத்த தட்டாகப் பளபளத்தது. கம்பத்தில் உட்கார்ந்த கொக்குகூடத் தெரிந்தது. கூட்டமோ தகரப் பலகையைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுத்தது; தெரியாத ஏரிக்குப் படகு டிக்கெட் எதற்கென்று வண்டி ஏறியது. படகுக்காரர் காய்ந்த துடுப்போடு வந்து நின்றார்.

“முன்னே உன்னைத் திட்டிக்கிட்டாவது இருந்தேன். இப்ப இந்தத் தகரத்தைத் திட்டினா அது பதிலும் பேச மாட்டேங்குது.”

அந்தப் பொய்யை அக்கா எழுதவில்லை. ஆனால் எட்டு மணி நேரமும் அதன் கீழேதானே உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போது மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் போட்டோ வரிசையிலிருந்து விலகிக் கவுண்டருக்கு வந்தார்.

“ஏம்மா, அங்க பின்னாடி நீலமா ஏதோ மினுக்குதே, அது என்ன?”

அக்கா தகரத்தைப் பார்த்தாள். மேலாளர் அறைக் கதவைப் பார்த்தாள். அது திறந்துதான் இருந்தது. அடிவாரத்துக் கவுண்டருக்கு நாற்பது வளைவு. எழுந்து நின்று, அறைக்குள்ளும் கேட்கும்படி சொன்னாள்:

“ஏரிதாங்க ஐயா. இன்னைக்கு நல்லாத் தெரியுது. படகுக்காரர் இதோ நிக்கிறார், கூடப் போங்க.”