வெட்டுப்பட வேண்டிய முதல் பத்தி

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லில் பிறந்தது. என்னுடையதுதான். பல் மருத்துவரின் அறைக்கு வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்செட்டு செய்யும் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்குரல், "மெழுகுல பல்லெல்லாம் சரியாத்தான் நிக்குது. இன்னும் சிரிப்பு வரல" என்றது. எழுத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அந்த நொடியே வலி பறந்துபோனது என்று எழுதினால் இலக்கியமாக இருக்கும். பறக்கவில்லை. பல்லைத்தான் பிடுங்கினார்கள். அந்த வாக்கியம் மட்டும் இன்னும் ஆடாமல் இருக்கிறது.

2

தொடக்கங்கள்:

"மாலை வெயில் மஞ்சளாக" (வேண்டாம். கதைகளில் வெயிலுக்கு வேறு நிறமே வாய்ப்பதில்லை.)

"அவருடைய பெயர்" (பெயர் வைத்தால் அந்தப் பெயர்க்காரர்கள் எல்லாரும் 'என்னத்தானே எழுதினீங்க?' என்று சண்டைக்கு வருவார்கள். அந்தக் குரலுக்குரியவரை அவர் சேர்ந்த கதை வகுப்பில் 'பல்செட்டு அக்கா' என்றார்கள். அது போதும்.)

"கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் மாடியில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், கதை எழுதவும் கற்றுத்தந்தார்கள்."

இது நிற்கும். சுவரெங்கும் சாலைக் குறியீடுகள்: முந்தாதே, வளைவு, நின்று செல். மூலையில் பயிற்சிக்கான ஒரு ஸ்டியரிங், அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. எவ்வளவு ஓட்டினாலும் எங்கும் போகாது. கதை வகுப்புக்குப் பொருத்தமான இடம் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். ஆசிரியர் நின்று பேசுவது 'ஒலி எழுப்பாதே' படத்துக்கு நேர் கீழே. அவரை எல்லாரும், அவர் காதுபடவே, 'கத்திரி சார்' என்று அழைத்தார்கள். அவருக்கு அதில் பெருமை.

3

கத்திரி சார் எழுதியது ஒரே ஒரு நூல். மற்றவர்கள் நூல் எழுதுவது எப்படி என்பதே அந்த நூல். அதன் சாரம் ஒரு சட்டம்: முதல் பத்தி என்பது தொண்டையைச் செருமுவது, செருமலை யாரும் அச்சில் ஏற்றுவதில்லை, ஆகவே வெட்டு. வெட்டுவார். படித்துவிட்டு வெட்டுவது பலவீனம் என்பது அவர் கொள்கை. தாளைக் கைநீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு போடுவார். "இப்பப் பாருங்க, கதை மூச்சு விடுது!" வகுப்பு தலையாட்டும்.

மாணவர்கள் பாடத்தைக் கற்கிறார்களோ இல்லையோ, வாத்தியாரைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். வெட்டுப்படுவதற்கென்றே ஆளுக்கொரு பத்தி எழுதி மேலே ஒட்டவைத்தார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் நிலவைப் போட்டு நிரப்பினார். சட்டம் படிக்கும் பெண் விடுதிச் சாப்பாட்டைத் திட்டித் தீர்த்தாள். செருமல் சத்தமில்லாமல் இரண்டாம் பத்திக்குக் குடிபோனது. கதை மூச்சுவிடுவதாக சார் சொல்லிக்கொண்டே இருந்தார்.*

(* இந்தக் கதையின் முதல் பத்தியில் என் கடைவாய்ப் பல் இருக்கிறது. சார் கையில் சிக்கினால் அது இன்னொரு முறை பிடுங்கப்படும்.)

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெழுகில் பல் அடுக்கி, ரோஜா நிறத்தில் ஈறு வார்க்கிறவருக்குக் கதை வகுப்பில் என்ன வேலை? பயந்துபோய் ஒரு வரைவில் அவரைப் பள்ளி ஆசிரியை ஆக்கினேன். இரண்டே பக்கத்தில் செத்துப்போனார். பற்களைத் திருப்பிக் கையில் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தார்.

அக்கா வகுப்பில் சேர்ந்தது தம்பிக்காக. அப்பா இறந்த மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பினார். தம்பி வாசலை மறித்து நின்றான்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஒருத்தருக்குப் பல்லு பாதியில நிக்குதுடா."

"மனசாக்கா அது? கல்லு."

அதற்குப் பிறகும் பேசிக்கொண்டார்கள். "சாப்டியா", "சாவி எங்க", அந்த அளவில். அக்காவிடம் பதில் இருந்தது. வாய்க்கு வரவில்லை. எழுதியாவது அவனுக்குப் படித்துக் காட்டலாம் என்று சேர்ந்தார். பேனாவை எடுத்தாலோ, "காலத்தின் கோரப் பற்களிடையே சிக்கிய மானுடத்தின் மௌனம்" என்று வந்தது. ஊருக்கெல்லாம் பல் கட்டியது போதாதென்று காலத்துக்கும் கட்டிவிட்டார்! "ஆகா" என்றார் மேனேஜர். அக்காவுக்குத் தெரியும், சிரிப்பு வரவில்லை.

கடைசி வகுப்புக்கு முன்பு, மதிய இடைவேளையில், பல்செட்டு செய்யும் ஆய்வக மேசையில் தாளை விரித்தார். முதல் பத்தியை எப்படியும் வெட்டப்போகிறார்கள், யாரும் படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில் நடந்ததை அப்படியே அதில் எழுதினார். இரண்டாம் பத்தியில் மானுடம் வழக்கம்போல் மௌனமாக இருந்தது.

5

அன்று கத்திரி சாரின் சிவப்புப் பேனா எழுதவில்லை.

உதறினார். அக்காவின் தாள் ஓரத்தில் சுழித்துப் பார்த்தார். சுழிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. மை வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். மை வரவில்லை. 'டம்ளர்' என்ற சொல் கண்ணில் பட்டது. கதையில் டம்ளருக்கு என்ன வேலை என்று அதற்கு முந்தைய வரிக்குப் போனார். அங்கிருந்து அதற்கும் முந்தைய வரிக்கு.

"இந்தாங்க சார்" என்று மேனேஜர் தன் பேனாவை நீட்டினார். "நீலந்தான். ஆனா நல்லா வெட்டும்."

"கொஞ்சம் இருங்க."

மழை பெய்விப்பது எப்படி என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவர், வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்ததும் அண்ணாந்து பார்ப்பதுபோல, சார் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அது செருமல் சார். வெட்டிடுங்க."

"யாரு எழுதுனது?"

"நான்தான். தப்பா இருக்கா?"

"தெரியலம்மா."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வகுப்பு அதுவரை கேட்டதில்லை. சட்டம் படிக்கும் பெண், "அப்ப ரூல் சார்?" என்றாள்.

"ரூல் எங்கயும் ஓடிடாது. இது எப்படி வந்துச்சு? நான் சொல்லிக்கொடுக்கலியே!" தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

சிரித்துவிடாதீர்கள். நானும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். எழுத்து என்பது நாலு வளைவு, ரெண்டு கோடு, ஒரு புள்ளி. அதற்குள்ளிருந்து யாரோ ஒருவருடைய அப்பா சிரிக்கிறார் என்றால், எங்கிருந்து சிரிக்கிறார் என்று பின்பக்கத்தைப் பார்க்காமல் வேறு என்ன செய்வது?

"மொதல் வரியிலேருந்து வாசிங்கம்மா" என்று தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டு எழுந்தார். அப்போது கதவு திறந்தது. கையில் ஹெல்மெட்டோடு தம்பி. அக்காவின் ஸ்கூட்டர் பழுதுபார்க்கப் போயிருந்ததால் கூட்டிப்போக வந்திருந்தான்.

"கீழ எவ்ளோ நேரம்க்கா நிக்கிறது?"

"உக்காருங்க தம்பி" என்றார் மேனேஜர். "அக்கா படிக்கப்போறாங்க."

காலியாக இருந்தது ஸ்டியரிங் நாற்காலி ஒன்றுதான். தம்பி அதில் போய் உட்கார்ந்தான்.

6

முடிவுகள்:

அ) கத்திரி சார் கண்ணீர் மல்கத் தன் நூலைக் கிழித்தெறிகிறார். (கிழிக்க மாட்டார். அடுத்த பதிப்பில் 'படித்துவிட்டு வெட்டவும்' என்று ஒரு வரி சேர்ப்பார்.)

ஆ) தம்பி ஓடிவந்து "அக்கா!" என்று காலில் விழு (போதும்.)

இ) தம்பியைப் பார்த்ததும் அக்கா மானுடத்தின் மௌனத்துக்குத் தாவிவிடுகிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகிறார்கள். "சாவி எங்க?"

இதை நான் எழுதவில்லை. ஆனால் அக்காவின் விரல் இரண்டாம் பத்தியின் மேல்தான் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று எழுதியதை, தெரிய வேண்டியவன் முகத்துக்கு நேரே வாசிப்பது எப்படி? சாரின் நூலில் அதற்கு அத்தியாயம் இல்லை. நான் ஒரு வரி எழுதி அவரைத் தள்ளிவிட்டிருக்கலாம். கை வரவில்லை. காத்திருந்தேன்.

விரல் மேலே போனது. நான் போகச் சொல்லவில்லை.

7

அக்கா வாசித்தார்:

"அப்பாவுக்குப் பல்செட்டு செய்தது நான். மேல்வரிசையில் ஒரு பல்லைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன், அவருடைய சொந்தப் பல் சாய்ந்திருந்ததுபோல. 'புதுசுலயும் கோணலா?' என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அவரை எடுத்துப்போனபோது அதை வாயில் வைக்க மறந்துவிட்டோம். மறுநாள் காலையில் டம்ளரில், தண்ணீருக்குள், அது அவரைப் போலவே சிரித்துக்கொண்டிருந்தது. வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் டம்ளர் தெரிந்தது. கல் என்றான் தம்பி. கல்லாக இருந்தால் தேவலை, காயவிடலாம். பல்செட்டைக் காயவிட்டால் வளைந்துபோகும். அதனால் தினமும் தண்ணீர் மாற்றுகிறேன்."

பத்தி அவ்வளவுதான். தம்பி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். எதிரே 'நின்று செல்' படம். வாயைத் திறந்தான்.

அடுத்த வரி அவனுடையது. நான் எழுதிப் பார்த்தேன், எழுதியதெல்லாம் செருமல். அடித்துவிட்டு இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு அக்காவோ தம்பியோ இருக்கலாம். நீங்கள் எழுதுங்கள்.

"