நீலாண்டியின் நிறம்

காமிக்ஸ் வீரன் செம்பருந்து சிவப்பு என்பது எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிந்தது. அதுவரை அவனை நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமில்லை, எம். புதுப்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நீலாண்டி.

நாங்கள் காமிக்ஸைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் இல்லை. சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போடும் தாள் மூட்டை மூட்டையாக எங்கள் தெருவுக்கு வரும். அதைக் கிழித்து, பசை தடவி, கம்பியில் சுற்றி உருவினால் வெடிக்குழாய். வீட்டுக்கு வீடு அதுதான் வேலை. அப்போதைய மெஷினில் ஒவ்வொரு நிறமாகத்தான் ஏற்றுவார்கள். சிவப்பும் மஞ்சளும் ஏறுவதற்கு முன்பே கழிந்த தாள்கள் எங்களுக்கு வந்தன. அதில் அந்தப் பறக்கும் வீரன் நீலமாக இருந்தான். அம்மா சுற்றுவதற்குள் நான் படித்துவிட வேண்டும். முதல் பக்கம் கிடைத்தால் கடைசிப் பக்கம் கிடைக்காது. நீலாண்டி எத்தனையோ முறை மாடியிலிருந்து விழுந்தான். அவனைப் பிடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. பிடித்த பக்கம் ஏதாவது ஒரு ஊரில் தீபாவளிக்கு வெடித்திருக்கும்.

ஒரே ஒரு தாளை மட்டும் நான் சுற்றக் கொடுக்காமல் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நீலாண்டிக்குச் சக்தி வந்த கதை. அவன் ரசாயனக் கம்பெனியில் வேலை பார்க்கிற சாதாரண ஆள். ஒருநாள் தொட்டி வெடிக்கிறது. உடம்பெல்லாம் தீ. கடைசிப் படக்கட்டத்தில் புகைக்குள்ளிருந்து சிறகோடு எழுந்து வருகிறான்.

அடுத்த வருஷம் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கிற அறை வெடித்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. மற்றதற்கு மாத்திரை என்று பெயர். அந்த அறையில் என் அண்ணன் பாண்டிராஜ் இருந்தான். அவனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினொன்று.

எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை, காத்திருந்தேன். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத்தான் பார்ப்பேன். கட்டுப் பிரித்தபோது இடது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கழுத்துத் தோல் இழுத்துப் பிடித்து, தலை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. வேறொன்றும் வரவில்லை.

நீலாண்டி மேல் அன்றைக்குப் பிடித்த கோபம். ஆனால் படிப்பதை விட முடியவில்லை. ரசிகை என்றால் இதுதான் போலிருக்கிறது.

விருதுநகருக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. முடித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். அந்தப் பட்டத்தோடு நான் போய்ச் சேர்ந்தது சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் அச்சகத்தில். செம்பருந்து கதைகளைத் தமிழில் மாதாமாதம் போடுகிறவர் அவர். படத்துக்கு மேலே வெள்ளையாக மிதக்கும் பலூன்களுக்குள் வசனத்தை அடித்து உட்கார வைப்பது என் வேலை. சேர்ந்த மாதமே எனக்கும் முதலாளிக்கும் வாக்குவாதம்.

"அண்ணாச்சி, இவன் வில்லனத் தூக்கி ஒரு பில்டிங்கு மேல எறியிறான். பில்டிங்கு பொலபொலன்னு விழுது. அங்கன வேல பாத்தவுக என்ன ஆனாக?"

"அது வெளிநாட்டுப் பில்டிங்கு தாயி. ஞாயித்துக்கிழம லீவா இருக்கும்."

"லீவுன்னு எங்கயும் போடலையே."

"இம்புட்டு வாய் பேசுறியே, எழுதித் தா. கடிதப் பக்கத்துல பாதி காலியாத்தான் கெடக்கு."

எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. "பொம்பளப்புள்ள பேரப் போட்டா பயலுக கதையப் பத்தி லெட்டர் போட மாட்டானுக. கலியாணம் ஆயிருச்சான்னு கேட்டுத்தான் போடுவானுக" என்றார் அண்ணாச்சி. செழியன் என்று அவரே ஒரு பெயர் வைத்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார்: "அம்பதாவது கட்டுரை வரட்டும். ஒன் பேருலயே போட்டுருவோம்."

நாலு வருஷம் செழியன் எழுதினான். புதுச் சக்தி கிடைத்ததும் எல்லா வீரனும் முதலில் இறுக்கமாக ஒரு உடுப்பு மாட்டிக்கொள்கிறானே, அதைத் தைத்தவள் யார், அவளுக்கு ஏன் ஒரு கட்டம்கூட இல்லை என்று கேட்டான். படித்தவன் எல்லாம் ஏன் வில்லனாகவே வருகிறான் என்று கேட்டான். முந்நூறு அடியாட்களைத் தனியாக அடிக்கிற சினிமா நாயகனுக்கு மூச்சு வாங்காமல் இருக்கலாம், முடி கலையாமல் இருப்பது எப்படி என்று கேட்டான். நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "செழியன் சார், இவ்வளவு ஆண்மையோடு எழுத உங்களை விட்டால் ஆளில்லை." அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்.

பெயருக்கு ஏன் இந்தப் பறப்பு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அச்சில் பெயர் வந்தது ஒருவருக்குத்தான். அண்ணனுக்கு, விபத்துச் செய்தியில். அதிலும் பாண்டியராஜன் என்று தப்பாக.

ஐம்பதாவது கட்டுரை 2007 தீபாவளி மலருக்கு வந்து விழுந்தது. அந்தக் கோடையில் ஊரையே கலக்கிய ஒரு படத்தைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்திருந்தேன். அண்ணன்தான் என்னை அந்தப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அந்த நாயகனுக்கு அவன் அப்படியொரு ரசிகன். கதையில் வில்லனுக்கு ஒரு பட்டாசு குடோன். நாயகன் அதற்குத் தீ வைத்துவிட்டு முதுகைக் காட்டி நடந்து வருகிறான். பின்னால் குடோன் வெடிக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைத்தான் சரி செய்கிறான். சிவகாசித் தியேட்டர் எழுந்து நின்று கத்தியது. அதில் பாதிப் பேர் கையில் அன்றைக்குத் தொட்ட மருந்தின் கறை போயிருக்காது. அண்ணன் ஒட்டாத கையின் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்குண்ணே விசிலடிச்ச?"

"பெறகு? அம்புட்டும் வெடிக்குது, ஆளு திரும்பிக்கூடப் பாக்கல பாத்தியா!"

"அது எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் புள்ள. அதான் அடிச்சேன். நானுந்தான் திரும்பிப் பாக்கல. நாலு எட்டு வச்சேன், விழுந்துட்டேன். அந்தாளு விழலைல்ல?"

சாய்ந்த தலையோடு சிரித்தான். "நீ படிச்ச புள்ள. ஒனக்கு எதப் பாத்தாலும் குத்தந்தேன்" என்றான்.

இரண்டு நாளில் கட்டுரை முடிந்தது. அதன் கடைசிப் பாரா இது:

'வெடித்த இடத்திலிருந்து நடந்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும். எழுந்து வந்தபோது அவர் காலரைச் சரிசெய்யவில்லை; காலர் இல்லை. இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சிறகு என்றுகூட நினைத்திருக்கலாம். தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்றார்கள். அடுத்த முறை நாயகன் திரும்பிப் பார்க்காமல் நடக்கும்போது நீங்களாவது திரும்பிப் பாருங்கள்.'

அண்ணாச்சி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தாயி, கீழ மெஷின்ல என்ன ஓடுதுன்னு பாத்தியா?"

பார்த்திருந்தேன். பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் லேபிள். அதே நாயகன், அதே நடை, பின்னால் அதே நெருப்பு. இந்த சீசனின் பெரிய ஆர்டர்.

"லேபிள் குடுத்த கம்பெனிக்காரருக்கு நம்ம மலரு போகும். நம்ம லேபிளயே நாம காறித் துப்புனா நல்லாவா இருக்கு? கடைசிப் பாராவ எடுத்துரு."

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"சரி, ஒண்ணு சொல்லுதேன். பாராவ எடுத்தா ஒன் பேரு. பாரா இருக்கணும்னா செழியன் பேரு. எவனோ செழியன், வாசகன் எழுதுனான்னு நான் சமாளிச்சுக்கிடுவேன். எது வேணும்?"

நாலு வருஷம் காத்திருந்தேன். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"பாரா" என்றேன்.

"அப்ப செழியன்."

"செழியன்."

அவர் சிரித்தார். "பொழைக்கத் தெரியாத புள்ள."

மறுநாளிலிருந்து எனக்கு இரண்டு நாள் லீவு. அண்ணனின் ஒட்டிய விரலை அறுத்துப் பிரிக்க முடியுமா என்று மதுரையில் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்.

"ஒன்னப் பத்தி எழுதியிருக்கேன்ணே. மலருல வருது."

ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தவன் உடம்போடு திரும்பினான். கழுத்து மட்டும் அவனுக்குத் திரும்பாது.

"என்னப் பத்தியா? பேரு போட்டிருக்கியா?"

"போடல."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "போட்டிருக்கலாம்ல. நீன்னா சரியாப் போட்டிருப்ப" என்றான்.

மதுரையில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாலு வருஷம் கழித்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அவ்வளவுதான். திரும்பும்போது அண்ணன் தூங்கிக்கொண்டே வந்தான்.

வேலைக்குப் போன அன்று மலர் அச்சாகி, மடிப்புக்குப் போயிருந்தது. என் மேஜையில் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டு ஜெயச்சந்திரன் பல்லைக் காட்டினான்.

"முப்பத்திரெண்டாம் பக்கத்தப் பாருக்கா. ஸ்வீட்டு எங்க?"

கட்டுரைக்கு மேலே பெரிய எழுத்தில் இருந்தது: மாரிசெல்வி, பி.ஏ. ஒரு எழுத்துப் பிழை இல்லை. கீழே கடைசிப் பாரா இருந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தது. 'குறைகள் ஆயிரம் சொன்னாலும், நெருப்புக்கு முதுகைக் காட்டி நடந்து வரும் அந்த ஒரு காட்சி போதும். பட்டாசு மண்ணில் பிறந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வீர நடை எங்கள் மண்ணுக்கே பெருமை.'

"யாரு அடிச்சது இத?"

"நாந்தான். மொதலாளி சொல்லச் சொல்ல அடிச்சேன். ஒன் பேரையும் போடச் சொன்னாக. நாந்தேன் பி.ஏ. சேத்தேன்." அவன் பல்லைக் காட்டுவதை நிறுத்தினான். "ஏங்க்கா?"

அண்ணாச்சி அறைக்குப் போனேன்.

"பேரு பேருன்னு நாலு வருசமா உசுர வாங்குன. போட்டாச்சு. இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"நான் பேரக் கேக்கல அண்ணாச்சி. பாராவக் கேட்டேன்."

"அன்னைக்கு ஒரு நாளு கேட்ட. மத்த நாளெல்லாம் பேரத்தான் கேட்ட. யோசிச்சுப் பாத்தேன், படிச்ச புள்ள மனசு நோகக் கூடாதுன்னு போட்டேன். கம்பெனிக்காரரு படிச்சிட்டு யாரு இந்தப் புள்ளன்னு கேட்டாரு தெரியுமா?"

"அதுல எங்க அண்ணன் இருந்தான்."

"எதுல?"

"நீங்க எடுத்த பாராவுல."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் எரிச்சல். "சொல்லியிருக்கலாம்ல தாயி" என்றார். பிறகு, "அச்சாயிருச்சே" என்றார்.

வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். செம்பருந்து கதையில் என்றால் இந்த இடத்தில் சுவர் இடிய வேண்டும். அடுத்த இதழின் பலூன்கள் காலியாக இருந்தன. உட்கார்ந்து அடித்தேன். முதல் பலூனில் 'நீதி ஒருபோதும் தோற்காது!' என்று இருந்தது. ஆச்சரியக்குறியை மறக்காமல் போட்டேன்.

மலரை அண்ணனிடம் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன். அவனே கடையில் வாங்கி வந்துவிட்டான். கதவு நிலையில் சாய்ந்து, தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தான். முடித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். திரும்ப முதலிலிருந்து படித்தான்.

"நல்லாத்தேன் எழுதியிருக்க" என்றான். "கடைசில ஒத்துக்கிட்டியே, நம்ம ஆளு நடை பெருமைன்னு."

"அண்ணே, அது..."

"பேரு சரியாப் போட்டிருக்கான். அது போதும்." மலரை மடித்து அலமாரியில் வைத்தான். தன்னை எங்கே என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குத் தாள் மூட்டை வந்தது. கார்த்திகைக்கு இன்னும் ஒரு லோடு குழாய் வேண்டுமாம். அம்மா மூட்டையைக் கொட்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மலர். நீலமும் கருப்பும் மட்டும் ஏறிக் கழிந்த தாள்கள். மேல் பக்கத்தில் நீலாண்டி சிறகை விரித்துக்கொண்டு நின்றான். பதினாலு வருஷம் கழித்தும் நீலமாக. கீழ்ப் பக்கத்தில் முப்பத்திரண்டு என்ற எண், அதற்கு மேலே நான்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மலரில் என் பெயர் வந்தது தெரியும். தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். ஒரு கத்தைத் தாளைக் கிழிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"ஏ செல்வி, இது ஒங்க கம்பெனித் தாளா? இதுல ஒன் பேரு எங்கன இருக்கு? காட்டு, கிழிக்காம எடுத்து வைக்கிறேன்."

என் பெயருக்கு மேல்தான் அவளுடைய கட்டைவிரல் இருந்தது.

"இதுல இல்லம்மா" என்றேன்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். "ஏலே பாண்டி, நீயாச்சும் பாத்துச் சொல்லு."

அண்ணன் குனிந்து தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இல்லம்மா" என்றான். "இது வேற பக்கம். நீ சுத்து."

நல்ல கையால் பசைச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அம்மா தாளை நாலாகக் கிழித்தாள்.