ஒலிபெருக்கிக்குப் பதில் சொல்கிறவர்

பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி பேசும். யாரும் பதில் பேசமாட்டார்கள். எங்கும் அப்படித்தான். இந்த நிலையத்தில் மட்டும் ஒருவர் பேசுவார். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒலிபெருக்கியில் பேசுகிறவள் அவருடைய மனைவி.

மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க மட்டுமே இடம் இருக்கிற கடை அவருடையது. படிக்கு மேலே கண்ணாடி போட்ட சின்ன அறை அவளுடையது. நிலையத்தில் டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. எந்த பஸ் எந்த மேடையில், எப்போது கிளம்புகிறது என்று அவள் வாயால் வந்தால்தான் இங்கே சக்கரம் உருளும். அவள் கூப்பிடாமல் வண்டியை எடுத்த டிரைவர் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மேலே அவளும் கீழே அவருமாக நிம்மதியாகத்தான் காலம் ஓடியது. தொற்று வந்தது, கூடவே வம்பும் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும். பேருந்தில் ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் அமர வேண்டும்" என்று மேலேயிருந்து குரல் வரும். அது முடிவதற்குள், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகியபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் படிக்கட்டுக்குக் கீழிருந்து அவர் ஆரம்பித்துவிடுவார்.

"புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்லேருந்து ஒண்ணா வர்றாங்க. பஸ்ல மட்டும் நடுவுல ஒரு சீட்டை விட்டு உக்காரணுமாம். அந்தச் சீட்ல யாரு வந்து உக்காருவா, கொரோனாவா?"

நிலையமே சிரிக்கும். சிரித்த கையோடு சண்டையும் தொடங்கும். முகத்தில் ஒன்றுக்கு இரண்டாக முகக்கவசம் போட்டுக்கொண்டு தினமும் ஆபீசுக்குப் போகிற அம்மா, "உங்க உயிரு உங்க இஷ்டம். எங்க உயிரு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பிடித்துக்கொள்வாள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டி வைத்திருக்கிற காய்கறி வியாபாரி, "மூச்சு விடறதுக்கும் உத்தரவு வாங்கணுமா?" என்று கடிகாரக்காரர் பக்கம் சாய்வார். "தாடைக்கு எதுக்குய்யா மாஸ்க்கு, அது என்ன இருமவா போவுது?" என்பார் டீக்கடைக்காரர். டீக்கடை ஒன்றுதான், கட்சி இரண்டு. டீ குடிக்கிற நேரம் மட்டும் இரண்டு கட்சிக்கும் வாய் திறந்திருக்கும். காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிற ஆட்களும் உண்டு. கேட்டால், இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மைக் அக்காவுக்கும் இதில் பாதி நாள் சிரிப்புத்தான் வரும். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கைத் தலை ஆடுவது தெரியும். என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் இருவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மாஸ்க்கை மட்டும் ஒருதரம், "கடையில போட்டுக்கிட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்தாள். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். பேச்சை மாற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. காலை நேரத்துக்கு வேறொரு அம்மா மைக்கில் பேசுகிறாள். அவளும் இதே வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறாள். அப்போதெல்லாம் கடிகாரக்காரர் வாயே திறப்பதில்லை என்று டீக்கடைக்காரர்தான் போகிற போக்கில் சொன்னார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்; அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் மாஸ்க் மேல் இல்லை, தன்மேல்தான் அவருக்கு இளக்காரம் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் வேலைக்கு வந்தபோது மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. பக்கத்தில் நிலைய மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தால் போதும், ஆட்டம் கண்டுவிடுவார்.

"மெஷினும்மா. பதிவு பண்ணின குரல், தானாப் பேசும்" என்றார் பெட்டியைக் காட்டி. "நிலையத்துல தினமும் சண்டைன்னு மேல புகார் போயிருக்கு. காலையில ஒரு தொல்லையும் இல்லை. உங்க நேரத்துலதான். இன்னிக்கு ஒருநாள் பாப்பேன். அவரு இன்னிக்கும் பதில் பேசினாருன்னா, நாளையிலேருந்து உங்க நேரத்துக்கு மெஷின். நீங்க டிக்கெட் கவுன்டர்ல உக்காருங்க."

டிக்கெட் கவுன்டர் ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் இந்த நாற்காலி அவளுடைய உயிர். வீட்டில் சத்தமாக ஒரு வார்த்தை பேசாதவள், இங்கே பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தால் அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தச் சுகம் வேறு எங்கே கிடைக்கும்?

அவரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். மத்தியானம் அவர் மேலே வந்துதான் சாப்பிடுவார். அவள் மைக் மேஜையிலும் அவர் கதவோரத்து ஸ்டூலிலுமாக, தொற்று வந்த பிறகு எட்டியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இங்கே மைக் பொத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் வெளியே கேட்கும், விட்டால் நின்றுவிடும். காலை நேரத்து அம்மா தொட்ட பொத்தான் ஆயிற்றே என்று இவள் அதைச் சானிடைசரால் துடைத்துக்கொண்டே இருப்பாள். தண்ணீர் மாதிரி இருக்கிற வகை இல்லை, கொழகொழவென்று பசையாக இருக்கிற வகை. "உலர்ந்த துணியால துடைங்க, அது போதும்" என்று எலக்ட்ரீசியன் சொல்லிவிட்டுப் போனார். துணியை நம்ப அவள் தயாராக இல்லை. அறைக்குள் ஒலிபெருக்கி கேட்காது; மைக்குக்குப் பக்கத்தில் இருந்தால் ஊளையிடும் என்று அந்தப் பக்கம் மாட்டவில்லை. மைக் வேலை செய்வதைக் காட்டப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு விளக்கு எப்போதோ பியூஸ் போய்விட்டது. அன்றைக்கு அவள் ஒரு பஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, பொத்தானை அழுத்தித் துடைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே போன பொத்தான் பசையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை.

"மேஜைக்கு அடியில பெட்டி இருக்கு, பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"ஆமா. ஃபேனா?"

"மெஷினு. நாளையிலேருந்து அதுதான் பேசுமாம். நான் டிக்கெட் கிழிக்கப் போகணுமாம்."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "எதுக்கு?"

"எதுக்கா? நான் ஒண்ணு சொன்னா நீங்க பத்து சொல்றீங்களே, அதுக்கு. இன்னிக்கு நீங்க ஒருதரம் வாயைத் தொறந்தா என் நாற்காலி போச்சு."

"அந்தாளு சொன்னாரா?"

"அந்தாளை விடுங்க. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. காலையில அந்தம்மாவும் இதையேதானே சொல்றாங்க? அவங்களை எதிர்த்து என்னிக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா? பொண்டாட்டின்னா அவ்வளவு இளக்காரமா?"

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"அவங்க குரல் எப்படி இருந்தா எனக்கென்ன?"

"நான் மாஸ்க்கைப் பத்திப் பேசினா நீங்க குரலைப் பத்திப் பேசறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்றார், கொஞ்சம் கோபமாகவே. "நாள் பூரா அந்தப் பொந்துல குனிஞ்சு உக்காந்திருக்கேன். பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா? நீ பேசறதைத்தான் கேட்டுட்டிருப்பேன். உனக்கு ஜலதோஷம் பிடிச்சா உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். மேடையை மாத்திச் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்குவே பாரு, அதுகூடக் கேக்கும். இப்ப கேக்கறது நீயா? தலகாணிக்குள்ள வாயை வெச்சுகிட்டு யாரோ பேசற மாதிரி இருக்கு. தனியா இந்த அறைக்குள்ள உக்காந்துகிட்டு எதுக்கு அந்த மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு அழறே? கழட்டேன், எனக்கு உன் குரலைக் கேக்கணும்னு வீட்ல சொல்றதுக்கு வெக்கமா இருக்கு. இந்த வயசுல என்ன பேச்சு இதுன்னு நீயே சிரிப்பே. அதான் ஊருக்குப் பொதுவாக் கத்தறேன்."

அவள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். குரல் உடைந்து வந்தது.

"போன மழைக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, மறந்துட்டீங்களா? உங்க மூச்சையே பாத்துகிட்டு உக்காந்திருந்தேன் நான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல எனக்கு உயிரு போயிப் போயி வந்துச்சு. முகக்கவசம் அணியுங்கன்னு நான் ஊருக்கா சொல்றேன்? உங்களுக்குத்தான் சொல்றேன். ஊரும் கேட்டுக்கட்டும்னு சொல்றேன். அது தெரியாம இந்த மனுஷன் கீழேருந்து நக்கல் பண்ணுது!"

இப்படிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். நிலையத்தில் ஒருவரும் நடக்கவில்லை. பெட்டி தூக்கினவர்கள் தூக்கின கையோடு நின்றார்கள். இரட்டை முகக்கவச அம்மா இரண்டு கவசத்துக்கும் மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லா முகமும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி ஆட்டி என்னவோ காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். ஒட்டிக்கொண்டிருந்த பொத்தானை நெம்பித் தூக்கினார்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றார். "நாக்கைக் கடிச்சுக்கறது வரைக்கும்."

கடிகாரக்காரர் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். கடையின் ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம் கேட்டது. மைக் அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், சொல்லத்தான் வேண்டும், அந்த வெட்கத்துக்கு அடியில் வேறு என்னவோ ஒன்று இதமாகச் சுட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னதுதான் சொன்னார், ஒரு பஸ் நிலையத்தையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"இதுக்காக நான் சொன்னதை மாத்திக்க முடியாதும்மா" என்றார் மேனேஜர். அவர் குரலும் முழுக்க அவர் வசத்தில் இல்லை. "அவரு இன்னிக்குப் பதில் பேசக்கூடாது. பேசினா மெஷின்தான். வெளியே பஸ்ஸெல்லாம் நிக்குது, கூப்பிடுங்க." கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படியில் போய்க் கைகட்டி நின்றார்.

அவள் அறையில் தனியாக இருந்தாள். கைப்பையிலிருந்து துவைத்த கைக்குட்டை ஒன்றை எடுத்து மைக்கின் தலையில் சுற்றினாள். இனி அது யார் பேசின மைக்காக இருந்தால் என்ன? மேனேஜர் வந்ததும் மாட்டிக்கொண்ட முகக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொத்தானை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு அழுத்தினாள்.

காத்திருந்த பஸ்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். கதவுகள் சாத்தப்பட்டன, வண்டிகள் நகர்ந்தன. அதற்குப் பிறகு அந்த வாக்கியம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விட்டுவிட்டால் தன் பக்கத்து நியாயத்தைத் தானே கைகழுவின மாதிரி ஆகிவிடுமே.

"அனைவரும்" என்றாள், கீழே படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "முகக்கவசம் அணிய வேண்டும்."

சொல்லி முடித்துப் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். கண்ணாடி ஜன்னலின் ஒரு பலகையை நகர்த்தித் திறந்தாள். கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்கறி வியாபாரி தாடையைச் சொறிந்துகொண்டார். மேனேஜர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பேசாதீங்க, இன்னிக்கு ஒருநாள் பேசாம இருந்துடுங்க என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

ஷட்டர் மேலே போனது. அவர் வெளியே வந்தார். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிப் புத்தம் புதிய முகக்கவசம் ஒன்று. டீக்கடைக்காரர் கொடுத்ததாக இருக்கவேண்டும். நிமிர்ந்து மேலே பார்த்தார். பார்த்தவர், இத்தனை பட்டும் புத்தி வராதவர், வாயைத் திறந்து நீளமாக என்னவோ சொன்னார்.

ஒரு எழுத்தும் புரியவில்லை. துணிக்குள்ளேயே எல்லாம் அமுங்கிப் போயிற்று.

"பேசிட்டாரு" என்றார் மேனேஜர்.

"என்ன சொன்னாரு? என்னய்யா சொன்னாரு?" என்று கூட்டத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் அவர் வாயருகே காதைக் கொண்டுபோனார். இரண்டாவது தடவை சொல்லக் கேட்டு, தலையை ஆட்டி, பிறகு மேலே பார்த்து இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"அக்கா! குரல் இப்ப நல்லாக் கேக்குதாம்க்கா!"

மாஸ்க் போட்ட கட்சியும் போடாத கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து கைதட்டியது அன்றைக்குத்தான். மேனேஜர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து, குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்தெடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான் பதில் பேசக்கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார். "இது பதில் மாதிரி எனக்குத் தோணலை. மேல கேட்டா நான் பேசிக்கறேன். அடுத்த பஸ்ஸைக் கூப்பிடுங்கம்மா, டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு பாருங்க."