ஏழு தையலுக்கு மேல மைசூர் தலைப்பாகை

என் பொண்ணு மகாவுக்கு தலையில ஏழு தையல். பெங்களூர் ஸ்ரீராம்புரத்துல எங்க வீட்டுக்கு நாலு சந்து தள்ளி இருக்கிற கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் பி செக்‌ஷன் படிக்கிறா. நோட்டு கொண்டு வரலைன்னு கணக்கு எடுக்கிற கிரண் சார் டஸ்டரை எடுத்து வீசிட்டாரு. மரக்கட்டை டஸ்டர். இடது காதுக்கு மேல பட்டு கிழிஞ்சிடுச்சி. கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்களுக்கு மேல பார்த்துக்கிட்டு இருந்திருக்கு.

ஆஸ்பத்திரி வாசல்ல யாரோ வீடியோ எடுத்து போட்டுட்டாங்க. அதனால அன்னைக்கு சாயங்காலமே லோக்கல் சேனல்ல கல்வி ஆபீஸர் வந்தாரு. அவரு கன்னடத்துல சொன்னதை தமிழ்ல சொல்றேன். "இது ஒரு சின்ன அசம்பாவிதம். மாணவி ஈரத் தரையில வழுக்கி விழுந்து லேசான சிராய்ப்பு ஏற்பட்டிருக்கு. நம்ம பள்ளிகள்ல வன்முறைக்கு இடமே இல்லை. பெற்றோர் பீதி அடைய வேண்டாம்."

அவரு ஆஸ்பத்திரிக்கும் வரல, ஸ்கூலுக்கும் போகல. ஆனா தரை ஈரமா இருந்தது மட்டும் அவருக்கு தெரிஞ்சிருக்கு.

என் வீட்டுக்காரரு அப்பாதுரை பாலிகேல, அதாங்க கார்ப்பரேஷன்ல, குப்பை லாரி ஓட்டுறாரு. டிவியை பார்த்துட்டு, "ஏம்மே சரசு, இடமே இல்லைன்றானே, இடம் கிடைக்காமத்தான் நம்ம பொண்ணு தலை மேல வந்து உக்காந்துச்சா?"ன்னாரு. மகாவுக்கு சிரிப்பு வந்துடுச்சி. சிரிச்சா தையல் இழுக்குதுன்னு அழுதா.

இன்னொண்ணு. அன்னைக்கு அந்த ஸ்கூல்ல தண்ணியே இல்ல. மூணு நாளா போர்வெல் ரிப்பேரு. பிள்ளைங்க வீட்ல இருந்து பாட்டில்ல தண்ணி கொண்டு போச்சுங்க. குடிக்கவே தண்ணி இல்லாத ஸ்கூல்ல வழுக்கி விழற அளவுக்கு ஈரத்தை எங்க இருந்து கொண்டு வந்தாங்களோ.

மகா ஒண்ணுதான் சொன்னா. "அந்த சாரு எங்க கிளாசுக்கு வர்றதை நிறுத்துற வரைக்கும் நான் போக மாட்டேம்மா." நானும் "சரி, அவரை மாத்துற வரைக்கும் நீ போக வேணாம்"னு சொல்லிட்டேன். வாய் வார்த்தையா சொல்லிட்டேன், அது எவ்வளவு கஷ்டம்னு மறுநாள்தான் தெரிஞ்சிது.

ஹெட்மிஸ் நிருபமா மேடத்தை போய் பார்த்தேன். கெட்டவங்கன்னு சொல்ல முடியாது. பயந்தவங்க.

"சரசம்மா, ரிப்போர்ட்ல சார் அடிச்சாருன்னு இருந்தாத்தான் அவரை எடுக்க முடியும். விழுந்தான்னு இருக்கு. விழுந்ததுக்கு நான் யாரை மாத்துறது? தரையையா?"

"ரிப்போர்ட் யாரு மேடம் எழுதுனது?"

"நான்தான்."

"நீங்கதானே அவளை ஆட்டோல தூக்கிக்கிட்டு போனீங்க? உங்க புடவையெல்லாம் ரத்தமா இருந்துச்சே?"

மேடம் என் மூஞ்சை பார்க்கல. "மேல இருந்து போன் வந்துச்சி. ஆபீஸர் டிவில சொல்லிட்டாரு, அதுக்கு ஒத்து வர்ற மாதிரி எழுதி அனுப்புங்கன்னாங்க."

அப்பதான் எனக்கு அவங்க வேலை செய்யிற லட்சணம் புரிஞ்சிது. நாமெல்லாம் என்ன நினைக்கிறோம்? விசாரிப்பாங்க, ரிப்போர்ட் எழுதுவாங்க, அப்புறம் டிவில சொல்லுவாங்கன்னு. அங்க தலைகீழு. முதல்ல பேட்டி. பேட்டியை பார்த்து ரிப்போர்ட். நான் ஐடி கம்பெனில ஹவுஸ் கீப்பிங் பண்றேன். பாத்ரூமை கழுவறதுக்கு முன்னாடி கழுவியாச்சுன்னு கதவுல கையெழுத்து போட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இவங்களுக்கு ப்ரமோஷன்.

பத்து நாள் ஆச்சு. மகா வீட்லயே இருந்தா. ஒரு திங்கக்கிழமை மேடமே எங்க வீட்டுக்கு வந்தாங்க.

"புதன்கிழமை பயமில்லா பள்ளி வாரம்னு ஃபங்ஷன் இருக்கு. ஆபீஸர் வர்றாரு. மகாவுக்கு மேடையில சன்மானம் பண்ணணும்னு சொல்லியிருக்காரு."

"எதுக்கு மேடம்?"

"தைரியமா ஸ்கூலுக்கு திரும்பி வந்ததுக்கு."

"அவ திரும்பியே வரலையே."

மேடம் டீயை குடிச்சாங்க. "மேடைக்கு வந்துட்டா திரும்பி வந்த மாதிரிதானே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சரசம்மா, கொஞ்சம்தானே."

எனக்கு வாயில நல்லா வந்துச்சி. அடக்கிக்கிட்டேன். ஆபீஸர் என்கிட்ட அஞ்சு நிமிஷம் அந்த ரிப்போர்ட் பத்தி பேசணும், அப்படின்னா கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். பேசுவாருன்னாங்க. மகாகிட்ட கேட்டேன். "கிரவுண்டு வரைக்கும் வர்றேன். கிளாசுக்குள்ள போக மாட்டேன்"னா. காதுக்கு மேல டாக்டரு முடியை எடுத்திருந்தாரு. அது தெரியாம இருக்க துப்பட்டாவை தலையில சுத்திக்கிட்டா.

புதன்கிழமை போனா ஷாமியானா, பிளாஸ்டிக் சேரு, பெரிய பேனர். பேனர்ல ஆபீஸர் மூஞ்சி பானை அளவு, பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் மிளகு அளவு. மைக்கை பிடிச்சி வரவேற்புரை யாரு தர்றாங்கன்னு பார்த்தா கிரண் சார். நல்ல குரலாம், எல்லா ஃபங்ஷனுக்கும் அவருதானாம். மகா என் கையை இறுக்கி பிடிச்சிக்கிட்டா.

ஆபீஸர் பேசினாரு. "இந்த வருஷம் நம்ம பள்ளிகள்ல வன்முறை சம்பவம் ஜீரோ" அப்படின்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. விழுந்தது எத்தனைன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், யாரும் கேக்கல.

நான் மேடைப் படிகிட்ட போய் நின்னு, "சார், அந்த ரிப்போர்ட்"னேன். அவரு சிரிச்சிக்கிட்டே, "ஆகட்டும்மா, ஆகட்டும், முதல்ல சன்மானம்"னாரு. என் அஞ்சு நிமிஷம் அதோட முடிஞ்சிது.

சன்மானம்னா எப்படின்னு பெங்களூர்ல இருக்கிறவங்களுக்கு சொல்ல வேணாம். மாலை, சால்வை, பழக்கூடை, கடைசியா மைசூர் பேட்டா, அதாங்க, ஜரிகை வச்ச அந்த ராஜா தலைப்பாகை. போட்டு போட்டோ எடுத்தாத்தான் சன்மானம் முடியும். கிரண் சார் மைக்ல, "விழுந்தாலும் எழுந்து வந்த வீர மாணவி"ன்னு என் பொண்ணை கூப்பிட்டாரு. அவரு வாயாலயே கூப்பிட்டாரு.

மகா போய் நின்னா. சால்வை போட்டாங்க. ஆபீஸர் தலைப்பாகையை எடுத்து துப்பட்டா மேலயே வச்சாரு. பெரியவங்க தலைக்கு தச்சது, கண்ணு வரைக்கும் இறங்கிடுச்சி. போட்டோகிராபரு, "சார், பாப்பா மூஞ்சி தெரியல"ன்னான். நான் கீழ இருந்து, "சார், இடது பக்கம் தொடாதீங்க, தையல்!"னு கத்தினேன். பேண்டு சத்தத்துல யாருக்கு கேட்டுச்சி? அவரு ரெண்டு பக்கமும் பிடிச்சி நல்லா தூக்கி, இறுக்கி, அழுத்தி வச்சாரு.

"அம்மா!"

கிரண் சார் மைக்கு பக்கத்துலயே இருந்துச்சி. அந்த ஒரு சத்தம் ஸ்பீக்கர்ல கிரவுண்டு பூரா கேட்டுச்சி. பேண்டு நின்னு போச்சு. மகா தலைப்பாகையை பிடுங்கி கீழ போட்டா, அதோட துப்பட்டாவும் வந்துடுச்சி. முடி எடுத்த இடம், கறுப்பு நூலு, ஓரத்துல ரத்தம் கசியுது.

நான் மேடை மேல ஏறிட்டேன். யாரும் தடுக்கல.

முன்னாடி வரிசையில பேப்பர்ல இருந்து ஸ்னேஹான்னு ஒரு பொண்ணு வந்திருந்துச்சி. அது எழுந்து, "சார், லேசான சிராய்ப்புன்னு சொன்னீங்க. இது எத்தனை தையல்?"னு கேட்டுச்சி.

"ஈரத் தரையில கொஞ்சம் பலமா..."ன்னு ஆபீஸர் இழுத்தாரு.

அப்ப தரையில உக்காந்திருந்த எட்டாங்கிளாஸ் வரிசையில இருந்து தாரணின்னு மகா ஃபிரெண்டு எழுந்து நின்னா. குச்சி மாதிரி இருப்பா, குரலு மட்டும் வெங்கல மணி. "சார், அன்னைக்கு தண்ணியே வரல சார்!"

முதல்ல எங்கயோ ஒரு பையன் சிரிச்சான். அப்புறம் கிரவுண்டே சிரிச்சிது. டீச்சருங்க கூட வாயை பொத்திக்கிட்டாங்க. ஸ்னேஹா மகாவை பார்த்து, "எப்படி ஆச்சு பாப்பா?"ன்னு கேட்டுச்சி. மகா கை நீட்டி காட்டினா. "கிரண் சார் டஸ்டர் வீசினாரு."

அவரு இன்னும் மைக்கை பிடிச்சிக்கிட்டே நின்னாரு.

சாயங்காலம் ஆபீஸர் மறுபடி டிவில. நான் கூட நம்பி உக்காந்தேன், பாருங்க. என்ன சொன்னாரு தெரியுமா? "தலைப்பாகை அணிவிக்கும்போது ஏற்பட்ட சின்ன அசம்பாவிதத்துக்கு வருந்துறோம். இனிமே மாணவர்களுக்கு தலைப்பாகை அணிவிக்கக் கூடாதுன்னு எல்லா பள்ளிக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கோம்." குத்தவாளியை பிடிச்சிட்டாங்க. தலைப்பாகைதான். டஸ்டருக்கு ஒரு சுற்றறிக்கையும் இல்ல.

அப்பாதுரை டிவியை அணைச்சிட்டு, "நாளைக்கு லீவு போடு. நானும் வர்றேன்"னாரு.

மறுநாள் ரெண்டு பேரும் ஹெட்மிஸ் ரூம்ல போய் உக்காந்துட்டோம். ரிப்போர்ட்டை மாத்தி எழுதுற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டோம்னோம். ஸ்னேஹா போட்ட வீடியோ எல்லார் போன்லயும் ஓடிக்கிட்டு இருந்துச்சி, அதனால மேடத்துக்கும் வேற வழியில்ல. புது பேப்பர் எடுத்தாங்க. எனக்கு கன்னடம் படிக்க வரும், பக்கத்துல நின்னு படிச்சேன்.

"டஸ்டர் பட்டதுன்னு போடட்டுமா?"

"டஸ்டர் தானா பறந்து வந்துச்சா மேடம்?"

"ஆசிரியர் கையில இருந்து தவறி..."

"தவறல."

பேனாவை வச்சிட்டு, மறுபடி எடுத்தாங்க. என்ன நினைச்சாங்களோ, அந்த வரியை அடிச்சிட்டு, ஆசிரியர் டஸ்டரை வீசினாருன்னு எழுதி கையெழுத்து போட்டாங்க. அந்த காப்பி என்கிட்ட இருக்கு.

நாலு நாள்ல கிரண் சாரை மாத்திட்டாங்க. ஆர்டர்ல காரணம், நிர்வாக வசதிக்காக. யாரு வசதிக்குன்னு போடல. திங்கக்கிழமை மகா ஸ்கூலுக்கு போனா. சாயங்காலம் வந்து பையை கழட்டிக்கிட்டே கேட்டா.

"அந்த சாரை எந்த ஸ்கூலுக்கும்மா போட்டிருக்காங்க?"

"நீலசந்திராவுல ஒரு ஸ்கூலு."

"அங்க எட்டாங்கிளாஸ் இருக்கா?"

இருக்குன்னேன். அவ உள்ள போய் கையை கழுவினா.

அதுக்காகத்தான் இதை எழுதுறேன். நீலசந்திராவுல கவர்மென்ட் ஸ்கூல்ல பிள்ளைங்களை சேர்த்திருக்கிறவங்க யாராவது இதை படிச்சீங்கன்னா, உங்க பிள்ளை ஈரத் தரையில வழுக்கி விழுந்துட்டான்னு டிவில யாராவது சொன்னா, முதல்ல போய் அந்த ஸ்கூலு கொழாயை திறந்து பாருங்க.