பின்னால் நின்றவன்

கோழி கூவுமுன் பிச்சாண்டி சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் குனிந்துவிடுவான். ஊறிய எருமைத்தோலின் கனம் தோளை இழுக்கும், நாற்றம் தொண்டையை அடைக்கும். பின்னால் லியாகத் அலி அவனுடைய இடுப்புத் துண்டை இறுகப் பிடித்தபடி நிற்பான். தொட்டிக்கு இரண்டு ஆள் என்பது தோல் பதனிடும் எங்கள் ஆம்பூர் ஷாப்பில் பழைய வழக்கம்.

பட்டணத்திலிருந்து புது மானேஜர் சேஷகிரி வந்தார். மனிதர் செய்வதையெல்லாம் சூத்திரத்தில் அடக்கலாம் என்று படித்தவர். கடிகாரமும் கையுமாக நின்று பார்த்தார்.

"பின்னாடி நிக்கிறவன் ஒண்ணுமே செய்யலியே!"

லியாகத் அலியையும் அவனைப்போல் நின்றவர்களையும் அன்றே வெளியே அனுப்பினார்கள். பாவி மனுஷன், என்ன படித்தாரோ! அந்த வாரமே பிச்சாண்டி வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தான். தூக்கி வெளியே போட்டபோது இரண்டு கண்ணும் வெந்திருந்தன.

நாங்கள் வேலையை விட்டு வாசலில் உட்கார்ந்தோம். லியாகத் அலியும் வந்து சேர்ந்தான்.

"பின்னாடி ஆளு இல்லாம தொட்டிகிட்ட போக மாட்டோம், மொதலாளி" என்றோம்.

"ரெண்டு ஆளுக்குக் கூலி குடுத்தா, ஷாப்பைப் பூட்டிட்டு நானும் உங்களோட குந்திக்க வேண்டியதுதான்!" என்றார் முதலாளி மக்பூல் அகமது.

"பிச்சாண்டி கண்ணுக்கு இன்னா வெலை போட்டீங்க?" என்று கேட்டான் லியாகத் அலி. முதலாளி உள்ளே போய்விட்டார்.

சேஷகிரி அசரவில்லை. "பசி ஏற ஏற ஒத்துமை எறங்கும். எந்த வீட்டு அடுப்பு முதல்ல அணையுதோ, அந்த வீடுதான் முதல்ல வரும். கணக்கு தப்பாது" என்று எங்கள் காதுபடவே சொன்னார். பிச்சாண்டியின் மனைவி தனகோடியைக் கூப்பிட ஆள் போயிற்று. புருஷன் பார்த்த தொட்டி, இரட்டைக் கூலி.

கணக்கு பலிக்கும் போலத்தான் இருந்தது. பல நாள் பட்டினியில் குடல் வற்றிக் கிடந்தோம். அடுத்து எழுந்து போகப்போவது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயந்தோம். அந்தப் பயம் பசியைவிடக் கொடுமை.

ஆள் போன மறுநாள் விடியலில் தனகோடி வந்தாள். கையில் பிச்சாண்டியின் துண்டு. சேஷகிரி சிரித்தார். நாங்கள் தலையைத் தொங்கப் போட்டோம். அவளைத் தடுக்க எந்த வாய் துணியும்?

"வாம்மா, தொட்டி காலியாத்தான் கீது" என்றார் முதலாளி.

"வர்றேன் மொதலாளி. புள்ளைங்க பட்டினி." துண்டை இடுப்பில் கட்டி, முனையை லியாகத் அலியிடம் நீட்டினாள். "பாய், நீ புடிச்சிக்க. மொதலாளி, எனக்குச் சொன்ன ரெட்டைக் கூலில பாதி இவருக்கு."

"அவனுக்குக் கூலி கிடையாது!" என்று கத்தினார் சேஷகிரி. "அது உனக்கு மட்டும்!"

"அப்ப எனக்கும் வாணாம்."

சொல்லிவிட்டு எங்கள் நடுவே உட்கார்ந்தாள். லியாகத் அலி பிடித்த துண்டை விடவில்லை.

அன்றும் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.