பிடி இறுகும் நேரம்

உளவப்பா மூன்றாவது முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உட்காருங்கண்ணா. இன்னும் பன்னிரண்டு இழுப்புதான் பாக்கி" என்றாள் நீலாம்பிகே.

"எப்ப இழுக்கும்னே சொல்ல மாட்டேங்கிறீங்க. திருடன் மாதிரி வருது."

"சொல்லிட்டு இழுத்தா அப்புறம் என்னத்த அளக்கிறது?"

ஹூப்ளி ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், கைப்பிடியைச் சோதிக்கும் அந்த அறை நான்கு வருடமாக பிசியோதெரபிஸ்ட் நீலாம்பிகேயின் பொறுப்பில் இருந்தது. மேஜை மேல் ஒரு சின்னக் கைப்பிடி. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை தெரியாதபடி ஒரு திரை, மோட்டார் சத்தம் கேட்காதபடி காதுக்கு மூடி. எதிர்பாராத நேரத்தில் மோட்டார் வெடுக்கென்று இழுக்கும். விரல்கள் தாமாகவே இறுகும். எவ்வளவு சீக்கிரம் இறுகுகின்றன என்பதுதான் கணக்கு. நல்ல கை என்றால் எண்பது, தொண்ணூறு மில்லிசெகண்ட்.

உளவப்பா இருபத்திரண்டு வருடமாக மலைப்பாதை வழியாகக் கோவாவுக்கு லாரி ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது ஸ்டியரிங் கையை விட்டு நழுவி, லாரி பாதையோரச் சுவரில் மோதி நின்றது. கைக்குச் சோதனை செய்து சான்றிதழ் வாங்கி வரச்சொல்லி அனுப்பியிருந்தார் முதலாளி.

மோட்டாரை ஏமாற்றிவிடலாம் என்று உளவப்பா நகம் வெளுக்க இறுக்கிப் பிடித்தார். "பழுத்த சப்போட்டாவைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்று நீலாம்பிகே நாலு தடவை சொன்ன பிறகுதான் தளர்த்தினார். இருபது இழுப்பில் ஐந்து தடவை பிடி நழுவியது. சராசரி நூற்று நாற்பத்தெட்டு.

அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்."

"மெஷின் சரியாத்தான் இருக்கு."

"அப்ப நீங்க உட்காருங்க. உங்க கைக்கு என்ன காட்டுதுன்னு பார்த்துடுவோம்."

சந்தேகப்படுகிறவர்களுக்கு அவள் அப்படிச் செய்து காட்டுவது வழக்கம்தான். கடைசியாகக் காட்டி ஏழெட்டு மாதம் இருக்கும். உட்கார்ந்தாள். ஆயா மல்லவ்வா கணினியில் பொத்தானை அழுத்தினாள். ஏழாவது இழுப்பில் கைப்பிடி விரலை உருவிக்கொண்டு போய் 'டக்'கென்று முட்டியது. பதினொன்றாவதிலும் அதே கதை. கடைசியில் கணினித் திரையில் வந்த எண் நூற்று எழுபத்தொன்று.

உளவப்பா தொடையைத் தட்டினார். "நாந்தான் சொன்னேனே. என்னைவிட மோசமா காட்டுது. தூக்கிக் காயலான் கடையில போடுங்க."

நீலாம்பிகேயும் அப்படித்தான் நம்பினாள். எடைக்கல்லைத் தொங்கவிட்டு அளவைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. ஒயரை மாற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். நூற்று அறுபத்தெட்டு. இடது கை நூற்று முப்பது.

"மல்லவ்வா, நீ வா."

"என் கை எதுக்கம்மா? இப்பதான் மிர்ச்சி பஜ்ஜி தின்னேன், எண்ணெயா இருக்கு."

"கழுவிட்டு வா."

மல்லவ்வாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. எண்பத்து நாலு வந்தது.

நீலாம்பிகே எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ரவிக்கை ஊக்கைப் போட இப்போதெல்லாம் மகளைக் கூப்பிடுகிறாள். போன வாரம் பால் பாத்திரம் கை நழுவியது. வேலைக் களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். ஊக்குப் போட முடிகிறதா, பாத்திரம் நழுவுகிறதா என்று எத்தனை நோயாளிகளிடம் கேட்டு எழுதியிருப்பாள்.

"தங்கச்சி," என்றார் உளவப்பா. குரல் தணிந்திருந்தது. "விரல் மரத்துப் போகுதா?"

"இல்ல" என்றாள் சட்டென்று. பிறகு, "நுனியில மட்டும். ரெண்டு மாசமா."

"எனக்கும் நுனியிலதான் ஆரம்பிச்சுது. ஒரு வருஷம் வாயே திறக்கல."

அவருடைய அறிக்கை எழுதப்படாமல் திரையில் காத்திருந்தது. மெஷின் கெட்டது என்று ஒரு வரி எழுதினால் இரண்டு பேருக்கும் நிம்மதி. கை இரண்டு தடவை விசைப்பலகைக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் எழுதினாள்: இப்போதைக்குக் கனரக வண்டி ஓட்டக் கூடாது, சிகிச்சை, மூன்று மாதம் கழித்து மறுசோதனை.

படித்துப் பார்த்து அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி. உங்களுக்கு யார் எழுதித் தருவாங்க?"

கீழ் மாடியில் நரம்பு மருத்துவர் இனாம்தாரின் அறைக்கு முன்னால் இரண்டு தடவை நடந்து தாண்டிப் போனாள். மூன்றாவது தடவை கதவைத் தட்டினாள். அவர் அவளுடைய நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாக மடங்கியது. அதன் அர்த்தம் அவர் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்தது.

"கழுத்துலதான் கோளாறு. நாளைக்கே ஸ்கேன் எடுத்துடு."

"நாளைக்கு நிறைய பேஷண்ட் இருக்காங்க சார்."

"நீயும் பேஷண்ட்தாம்மா."

கழுத்தில் இரண்டு இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. பத்து நாளில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. அந்தப் பத்து நாளும் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. கரண்டி, சீப்பு, பேனா, எது கிடைத்தாலும் எடுத்துப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"அந்தச் சாவிக்கொத்தைக் கீழ வையேன், காலையிலேர்ந்து காது வலிக்குது" என்றான் கணவன் குருசித்தா.

"விழுதான்னு பார்க்கிறேன்."

"விழட்டுமே. நான் எடுத்துத் தர்றேன்."

அவள் முதல் தடவையாக அழுதாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் கால்களும் போயிருக்கும் என்றார்கள். வலது ஆள்காட்டி விரலின் மரப்பு மட்டும் போகவில்லை. போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். உளவப்பா போனில் விசாரித்தார். அவருக்கு இப்போது முதலாளியின் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலையாம். "நாள் முழுக்க ஒரே ஊர்லயே இருக்கணும் தங்கச்சி, பைத்தியம் பிடிக்குது" என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் வேலைக்குத் திரும்பினாள். தடுமாறும் நோயாளிகளைத் தாங்கி நடத்துகிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள். பிடித்த கை நழுவுமோ என்ற பயம் தீரவில்லை. அன்று முதலில் வந்தவள் மணிக்கட்டு ஒடிந்து குணமாகிவந்த ஒரு கபடிக்காரப் பெண். கைப்பிடியைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"வலிக்குமா மேடம்?"

"வலிக்காது. ஆனா எழுந்து ஓடிடலாம்னு தோணும்" என்று சொல்லி, நீலாம்பிகே அவள் காதுக்கு மூடியை மாட்டினாள்.