இரண்டாவது கை

அறிவரசன் சார் முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியை நீட்டினார். அதில் ஒருவர் அரபியில் பேசி அனுப்பியிருப்பதாகவும், என்ன சொல்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் கேட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அதற்கு முன் அவரை நான் பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்த பேனரில்தான் பார்த்திருந்தேன். வாயில் விசில், இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, வலது மணிக்கட்டில் நீலப் பட்டை, கீழே 'சர்வதேச மல்யுத்த நடுவர், நம் மண்ணின் பெருமை' என்று பெரிய எழுத்து. வேப்பந்தட்டைப் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகி, விசிலோடு விமானம் ஏறியவர் என்று ஊரில் சொல்வார்கள். பேனரில் இருந்தவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என் வீட்டு வாசலில் நின்றவர் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் அரபி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேருக்குத் தெரிந்தது கடையில் சாமான் வாங்கவும் முதலாளியிடம் சம்பளத்தைக் கேட்கவும் போதும். நான் குவைத்தில் நெடுங்காலம் ஒரு தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவன். வந்தவன் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதுதான் அந்தத் தொழிலில் நான் கற்றது. அதனால் இங்கே தெருவில் யாரைக் கேட்டாலும் ஜமால் முகமது வீட்டைத்தான் காட்டுவார்கள்.

கைப்பேசியில் பேசியவர் ஜோர்டானில் ஸர்க்கா என்ற ஊர்க்காரர். தன்னை அபூ லைத் என்று சொல்லிக்கொண்டார். லைத் என்பது மூத்த மகனின் பெயர். அங்கே தகப்பனை அப்படித்தான் அழைப்பார்கள். முதல் பதிவு முழுக்க ஸலாமும் நலம் விசாரிப்பும். இரண்டாவது பதிவில்தான் விஷயம் இருந்தது. அம்மான் நகரில் நடந்த போட்டியில் தன் மகன் விழுந்தபோது பக்கத்தில் மண்டியிட்டிருந்த நடுவர் நீங்கள்தான் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும், மகனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை என்றும், தன்னோடு ஒருமுறை பேச முடியுமா என்றும் கேட்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. ஆபீஸ் ஜன்னலில் கெஞ்சுகிற குரலும் இல்லை. ஒரு முகவரியை விசாரிக்கிறவர் போலப் பேசினார்.

நான் சொல்லி முடித்ததும் அறிவரசன் சார் உட்கார்ந்தார். ஷரீபா கொண்டுவந்து வைத்த தேநீரை ஆறவிட்டுவிட்டு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அந்தந்த நாட்டுப் பையன் இறங்கும்போது அந்த நாட்டு நடுவர் பாயில் நிற்கக் கூடாது. அதனால் எந்தப் போட்டியிலும் தனக்கு மொழி தெரியாத இரண்டு பையன்கள்தான் தன் கைக்கு வருவார்கள். கசாக், மங்கோலியன், ஈரானி என்று எத்தனையோ பேருக்கு விசில் ஊதியிருக்கிறார். ஒருவர் பேசுவதும் ஒருவருக்குப் புரியாது. எல்லாம் கைதான். சிவப்புக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினால் சிவப்புக்கு இரண்டு புள்ளி. அதுவும் அவர் ஒருவர் காட்டினால் செல்லாது. எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு நடுவரோ, மேசையில் இருக்கும் தலைமை நடுவரோ ஒப்புக்கொள்ள வேண்டும். பிரியாணி கிடைக்காத ஊர்களில் ஊறுகாயும் பிரெட்டும் தின்ற கதையையும் சொன்னார். சிரிக்கவில்லை.

அம்மான் போட்டி பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களுக்கானது. குப்புறக் கிடப்பவனின் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து, பிடரியில் வைத்து அழுத்தி, புரட்டிப் போடுவது ஒரு பிடி. ஒரு கை என்றால் அனுமதி உண்டு. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நுழைத்துப் பிடரியில் கோத்துவிட்டால் தலை நெஞ்சுக்குள் அழுந்தும். பெரியவர்களுக்கு அது பரவாயில்லை; இந்த வயதுப் பையன்களுக்குத் தடை. கோத்த உடனே நிறுத்தியாக வேண்டும்.

கோத்தானா என்று கேட்டேன்.

"வீடியோவுல தெரியல பாய். ரெண்டு கேமராவுக்கும் என் முதுகு மறைச்சிருக்கு. கமிட்டி பாத்துட்டு, விபத்துன்னு முடிச்சிட்டாங்க" என்றார்.

மனு எழுத வந்தவர்களில் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாதவர்களை எனக்குத் தெரியும். கேட்ட வாக்கியத்துக்குப் பக்கத்து வாக்கியத்தைச் சொல்வார்கள். அப்போது நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அன்றும் காத்திருந்தேன். அவர் ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பேசலாம் என்று அபூ லைத்துக்கு என் குரலில் செய்தி அனுப்பினோம்.

அவர் போனபின் ஷரீபா, "அந்தப் புள்ளைக்கு உம்மா இருக்காளான்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் மனைவியோடு வந்தார். வெற்றிச்செல்வி என்று பெயர். குரும்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறார். வண்டியிலிருந்து இறங்கும்போதே, வழியெல்லாம் மணல் லாரிக்குப் பின்னால் வந்து சேலையெல்லாம் புழுதி என்று புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தார். "முந்துங்க முந்துங்கன்னு சொல்றேன் பாய், முந்த மாட்டேங்கறாரு. வூட்டுல கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட, யாராச்சும் கையத் தூக்குறாங்களான்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவாரு" என்றார். ஷரீபா சிரித்துவிட்டாள். அறிவரசன் சாரும் லேசாகச் சிரித்தார். அந்த வீட்டில் அந்தக் கேலி பழையது என்று தெரிந்தது.

அவர் கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போன நேரத்தில் வெற்றிச்செல்வி சிரிப்பை நிறுத்தினார். அடுப்படி வாசலில் என்னையும் ஷரீபாவையும் நிறுத்தி வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். சார் பார்த்திருக்கிறார். இரண்டாவது கை வந்ததை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். வாயில் விசில் இருந்தும் ஊதவில்லை. ஊதினால் மேலே இருந்த பையன் பாடுபட்டுப் பிடித்த பிடி போய்விடும். ஆட்டத்தை அறுக்காமல், தப்பான கையை மட்டும் தட்டி எடுத்துவிட்டு ஓடவிடுவதுதான் நல்ல நடுவருக்கு அழகு. அதற்காகவே அவரைப் பல ஊர்களில் மெச்சியிருக்கிறார்கள். அன்றும் தட்டிவிடக் கையை நீட்டியிருக்கிறார். கை போய்ச் சேர்வதற்குள் புரட்டிவிட்டான்.

"சத்தம் கேட்டுச்சாம் பாய். தூக்கத்துல அதச் சொல்றாரு, முழிச்சிருக்கப்ப சொல்ல மாட்டாரு" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். பேனர் கட்டியது யார், வேப்பந்தட்டையில் தன் மாமியார் காத்தாயி யார் யார் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவர், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு யார் விசில் ஊதிக் கற்றுக்கொடுக்கிறார் என்றெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் நின்றார்.

"இவரு வாயால ஒத்துக்கிட்டா லைசென்சு போயிடும். ஸ்கூல்லயும் கேப்பாங்க. ஏதாச்சும் ஒளறுனாருன்னா, நீங்க பாத்து, நல்ல விதமா மாத்திச் சொல்லிடுங்கண்ணே. அவங்களுக்கென்ன தெரியப் போவுது?"

அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். அறிவரசன் சார் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். நான் பக்கத்தில். வெற்றிச்செல்வி படத்தில் விழாதபடி சுவரோரம் நின்றார்.

அபூ லைத் என்னைவிட இளையவர். தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. அறிவரசன் சாரின் வீட்டார் நலமா, பிள்ளைகள் நலமா, பயணக் களைப்பெல்லாம் தீர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஊர் வழக்கம் அது. நடுவில் வெட்ட முடியாது. நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல, சார் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். மகனின் தாய் எப்படியிருக்கிறார் என்று ஷரீபாவுக்காகக் கேட்டேன். அவள் கைப்பேசிப் பக்கமே வருவதில்லை என்றார்.

பிறகு அவர் சொன்னார். குறை சொல்லக் கூப்பிடவில்லை. விபத்து என்றால் தலையெழுத்து என்று எங்கள் நாட்டு மல்யுத்தச் சங்கம் கையை விரித்துவிட்டது. பிடி தப்பான பிடி என்று தெரிந்தால் அவர்கள்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். மேலே இருந்த பையனைக் கேட்டேன். அவன் அழுகிறானே தவிர ஒன்றும் சொல்லவில்லை, அவனும் குழந்தைதான். படத்தில் உங்கள் முதுகு இருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது கை வந்ததா, இல்லையா?

இதை நான் தமிழில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அறிவரசன் சார் பழக்கம் விடாமல் எதிரே பார்த்தார். எதிரே சுவரோரம் வெற்றிச்செல்விதான் நின்றார். அவர் தலையை மெல்ல, இல்லை என்று அசைத்தார். சார் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வந்துச்சு. ரெண்டு கையும் கோத்துட்டான். நான் ஊதல" என்றார்.

நான் திரையைப் பார்த்து வாயைத் திறந்தேன். சகோதரரே, எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது, அந்த நெருக்கத்தில் எந்த மனிதனாலும் எதையும் உறுதியாகப் பார்த்திருக்க முடியாது, அல்லாஹ் நாடியது நடந்தது, உங்கள் மகனுக்காக இவர் ஒவ்வொரு நாளும்... என் அரபி தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஏன் அப்படித் தொடங்கினேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. தையல் கடைக்காரப் பெண் அண்ணே என்றது ஒரு காரணமாக இருக்கலாம். எதிரே இருப்பவரின் முகத்தில் அந்த மூன்று வாக்கியங்களை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லாமல் இருந்திருக்கலாம்.

அறிவரசன் சார் என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னது கையளவு. என் வாயிலிருந்து போவது முழ நீளம். அதைக் கண்டுபிடிக்க அரபி தெரிய வேண்டியதில்லை. அவர் கோபப்படவில்லை. என் முழங்கை மேல் கையை வைத்து ஒரு தட்டு தட்டினார். நான் நிறுத்தினேன்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டார். முதுகைத் திரைக்குக் காட்டித் திரும்பிக்கொண்டார். வலது கையைத் தூக்கித் தன் பிடரியில் வைத்தார். அப்படியே சற்று இருந்தார். பிறகு இடது கையைத் தூக்கினார். அது மெதுவாக வந்து வலது கையின் மேல் படிந்தது. விரல்களைக் கோத்தார். கோத்து, முகவாய் நெஞ்சில் முட்டும் வரை தன் தலையைத் தானே அழுத்தினார். சட்டைக் காலருக்கு மேலே கழுத்தெலும்பு ஒவ்வொன்றாகப் புடைத்துத் தெரிந்தது.

"போதும், எந்திரிங்க" என்றார் வெற்றிச்செல்வி.

அவர் எழுந்திருக்கவில்லை. அபூ லைத் திரைக்கு அருகே வந்து பார்த்தார். அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, சார் திரும்பியதும், இரண்டு விரலைக் குவித்துத் தன் உதட்டில் வைத்துக் காட்டினார். விசில். சாரும் இரண்டு விரலைக் குவித்து உதட்டுவரை கொண்டுபோனார். உதட்டில் வைக்காமல் கீழே இறக்கிவிட்டார்.

அபூ லைத் தலையை ஆட்டினார். புரிந்தது என்பதற்கா, போதும் என்பதற்கா, தெரியவில்லை. கைப்பேசியை எங்கோ கீழே வைத்தார். படம் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே பார்த்து நின்றது. காலடிச் சத்தம் விலகிப் போயிற்று. தூரத்தில் ஒரு பெண் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். எனக்குக் கேட்டது. என்ன சொன்னார் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பக்கத்தில் மூச்சுச் சத்தம் வந்தது. சீராக, சற்றுக் கரகரப்பாக, கைப்பேசிக்கு மிக அருகில். மகன் படுத்திருக்கும் கட்டிலில்தான் வைத்திருக்கிறார் என்று விளங்கியது. ஷரீபா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

துண்டித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அறிவரசன் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தரையில் மண்டியிட்டபடியே, முகத்தைத் திரைக்கு நேரே தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வெள்ளைக் கூரை. ஒரு மூலையில் ஈரம் படர்ந்து மஞ்சளாகியிருந்தது. நடுவில் ஒரு ட்யூப் லைட். அது ஒருமுறை அணைந்து, துடித்து, மறுபடி எரிந்தது.